பட்டணமும் பட்டினங்களும்
நண்பர்களோடு ஒரு கோடைப் பயணம்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "இவ்வாண்டு எங்கே போவது?" என்பதுதான். உதகை, கொடைக்கானல், ஏற்காடு என மலைகளின் பெயர்களே வரிசையாக வரும். வெயிலுக்கு அஞ்சிக் குளிரை நாடுவது மனித இயல்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் முன்னோர் மரக்கலம் ஓட்டி வணிகம் செய்த, பள்ளிவாசல்கள் எழுப்பிய, மண்ணுக்குள் அடங்கியிருக்கிற கடற்கரை ஊர்களை நாம் ஏனோ பயணத்துக்குரிய இடங்களாக எண்ணுவதில்லை. திருமணத்துக்கும் மையித்துக்கும் மட்டுமே போய்வரும் ஊர்களாக அவை ஆகிவிட்டன.

சென்னையில் ஒரே கல்லூரியில் பயின்ற நண்பர்கள் நால்வர் நாங்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஒருவர் ஆம்பூரில் தோல் வணிகர், மூன்றாமவர் பரங்கிப்பேட்டைக்காரர், முப்பது ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர், நான்காமவன் நான். பரங்கிப்பேட்டை நண்பர் தம் பாட்டனார் கட்டிய வீட்டை விற்றுவிடப் போவதாகத் தொலைபேசியில் சொன்னபோதுதான் இப்பயணம் உருவாயிற்று. "விற்பதற்கு முன் நாங்கள் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும்" என்றோம். "அப்படியானால் பழவேற்காட்டிலிருந்து தொடங்கி நாகூர் வரை போவோம்" என்றார் ஆசிரியர். 2024ஆம் ஆண்டு மே மாத முதல் வாரத்தில், கத்திரி வெயில் தொடங்கிய நாள்களில், ஆளுக்கொரு சிறு பையுடன் சென்னையில் கூடினோம்.

திருவல்லிக்கேணியில் இரண்டு நாள்

சென்னையைச் சுற்றிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடும் கடைத்தெருக்களோடும் நின்றுவிடுவர். நாங்கள் தங்கியது திருவல்லிக்கேணியில். ஃபஜ்ரு தொழுகைக்குப் பெரிய பள்ளிவாசலுக்கு நடந்தே போனோம். வாலாஜா பள்ளிவாசல் என்பது அதன் மற்றொரு பெயர். ஆர்க்காட்டு நவாபு முஹம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795ஆம் ஆண்டில் சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டிய பள்ளி அது. விரிந்த முற்றமும் உயர்ந்த இரு மினாராக்களும் தெருவின் இரைச்சலை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

பள்ளியின் உட்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும் பாரசீகக் கல்வெட்டை ஆசிரியர் சுட்டிக்காட்டினார். கட்டிமுடித்த ஆண்டு எழுத்துகளின் எண்மதிப்பால் விளங்கும்படி அமைந்த வாசகம் அது. அதை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் பெருமகன். நவாபின் அவையில் பாரசீகப் புலமையால் சிறந்தவர். இதே பள்ளியில் ரமளான் மாதம் முழுவதும் நோன்பு திறக்க வருவோர்க்குச் சிந்தி இந்துக்கள் உணவு சமைத்துக் கொணர்ந்து தம் கையாலேயே பரிமாறும் வழக்கம் பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. கல்லில் எழுதிய நட்பு, உணவிலும் தொடர்வதை அங்கே காணலாம். வளாகத்தின் அடக்கத்தலத்தில் லக்னோவிலிருந்து வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீயும், 1972இல் மறைந்த கண்ணியத்துக்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிபும் துயில்கின்றனர். நால்வரும் நின்று துஆச் செய்தோம்.

அங்கிருந்து சேப்பாக்கம் அரண்மனைக்கு நடந்தோம். 1768இல் நவாபு குடியேறிய மாளிகை அது. 1855இல் வாரிசு இல்லை என்ற காரணம் காட்டி ஆங்கிலேயர் நவாபுப் பதவியை ஒழித்தபின் அரசு அலுவலகமாயிற்று. 2012ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அதன் ஒரு பகுதியான கலஸ் மகால் எரிந்து, பின்னர் செப்பனிடப்பட்டது. நவாபின் வழியில் வந்த ஆர்க்காட்டு இளவரசர் குடும்பத்தின் இருப்பிடம் இராயப்பேட்டையிலுள்ள அமீர் மகால். அரண்மனையை இழந்தோர் கதை நம் பிள்ளைகளுக்குப் பாடநூலில் இரண்டு வரிதான். கட்டடத்தின் முன் நின்று சொன்னால் அது மறக்காது.

மறுநாள் மண்ணடி. கடைப்பலகைகளும் பண்டமூட்டைகளும் கைவண்டிகளும் நெருக்கும் அத்தெருக்களில் மூர் தெரு என்றொரு தெரு உண்டு. ஐரோப்பியர் முஸ்லிம்களை "மூர்" என்றழைத்த காலத்தின் எச்சம் அப்பெயர். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் என எந்தக் கடற்கரை ஊரின் பேச்சைக் கேட்க விரும்பினாலும் மண்ணடியில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தால் போதும். ஒரு காலத்தில் இங்கிருந்துதான் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சரக்கு போயிற்று; பின்னர் சபுராளிகளும் போயினர். 'ரஜூலா' கப்பலும், அதன்பின் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலும் சென்னை, நாகப்பட்டினம் வழியாக மலாயாக் கரைக்கு மக்களைச் சுமந்தன. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் மூண்ட தீயோடு 'சிதம்பரம்' கப்பலின் பயணம் முடிந்தது, அக்கடல்வழியும் மூடிப்போயிற்று.

ஆசிரியர் அப்போது ஒன்று சொன்னார்: "கடற்கரை ஊரைப் பட்டினம் என்றார்கள்; பெருநகரைப் பட்டணம் என்றார்கள். இக்கரையில் பட்டணம் வளர்ந்த கதையும் பட்டினங்கள் தேய்ந்த கதையும் ஒன்றே. 1639க்கு முன் இந்தச் சென்னை எங்கே இருந்தது? ஆனால் அன்று பழவேற்காடு துறைமுகம்!" அச்சொல்லே எங்கள் பயணத்துக்கு வழிகாட்டியாயிற்று.

பழவேற்காடு: நிழல் காட்டும் நேரம்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. புறநகர் மின்தொடரில் பொன்னேரி வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் போனோம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்குதான் விரிந்து கிடக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்ட மணல்திட்டின் வடபகுதியே ஸ்ரீஹரிகோட்டா. விண்கலங்கள் எழும் இடம். பூநாரைகளைக் காண விரும்புவோர் குளிர்காலத்தில் வரவேண்டும். கோடையில் வருவோர்க்கு மனிதரைக் காணும் வாய்ப்பு மிகுதி.

1613இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுவே. இன்று கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. வாசலில் இரு எலும்புக்கூட்டுச் சிலைகள், உள்ளே 17ஆம் நூற்றாண்டின் செதுக்குக் கற்கள். துணி வாங்க வந்தவர்கள் பஞ்ச காலங்களில் மனிதரையும் விலைக்கு வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றிய துறைமுகம் இது என்பதையும் மறக்கலாகாது.

துணி என்றவுடன் ஒரு செய்தி. மலேசியாவில் ஆடவர் தொழுகைக்கும் வீட்டிலும் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்றே அழைக்கின்றனர். பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் பெயரே. ஊரைக் காணாத இலட்சக்கணக்கானோர் அதன் பெயரை இடுப்பில் கட்டியிருக்கிறார்கள்! எங்கள் தோல் வணிகர் இதைக் கேட்டுவிட்டு, "விளம்பரம் செய்யாமலே நானூறு ஆண்டு நிற்கும் வணிகப் பெயர்" என்று வியந்தார்.

அரபு நாட்டிலிருந்து வந்தோரின் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் முஸ்லிம் குடும்பங்கள் இங்கே பன்னெடுங்காலமாக வாழ்கின்றன. பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல் என இரண்டு. சின்னப் பள்ளிவாசலில் 1914ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நிழற்கடிகாரம் ஒன்று உண்டு. கைக்கடிகாரம் அரிதாயிருந்த நாளில் தொழுகை நேரத்தை நிழலைக் கொண்டு அறிந்தனர். கதிரவன் உச்சி சாய்ந்ததும் லுஹர். ஒரு பொருளின் நிழல், உச்சிவேளை நிழல் நீங்கலாக, அப்பொருளின் அளவுக்கு நீண்டால் ஷாஃபி மத்ஹபுப்படி அஸர். இருமடங்கானால் ஹனஃபி மத்ஹபுப்படி அஸர். மே முதல் வாரத்தில் இப்பகுதியில் கதிரவன் ஏறத்தாழத் தலைக்கு நேரே நிற்பதால் உச்சிவேளை நிழல் இல்லையென்றே சொல்லிவிடலாம். ஆம்பூர் நண்பர் ஹனஃபி, பரங்கிப்பேட்டை நண்பர் ஷாஃபி. இருவரும் ஒரே குச்சியை நட்டு நிழலை அளந்து, தத்தம் நேரத்துக்காகக் காத்திருந்து சிரித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகளுக்கு மத்ஹபு வேறுபாட்டை விளக்க இதைவிட எளிய வழி உண்டோ?

இவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனையோலை முடைவதில் கைதேர்ந்தவர்கள். மூடி போட்ட பெட்டி, தட்டு, கூடை என அவர்கள் விரல்களில் ஓலை வளைந்து வடிவம் கொள்கிறது. ஒரு வீட்டுத் திண்ணையில் முதிய தாய் ஒருவர் சாயமேற்றிய ஓலையைப் பிளந்துகொண்டிருந்தார். "இந்த வேலையைப் பேத்திகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா உம்மா?" என்று கேட்டேன். "கற்றுக்கொண்டார்கள் வாப்பா. ஆனால் நாள் முழுதும் முடைந்தால் கிடைப்பதைவிடக் கடைக்கு வேலைக்குப் போனால் கூடக் கிடைக்கிறதே" என்றார். அவர் சொன்ன விலைக்குமேல் பேரம் பேசாமல் நால்வரும் பெட்டிகள் வாங்கினோம். கைவினை வாழ வேண்டுமென்று பேசுவது எளிது. பேரத்தைக் கைவிடுவதே அதற்கு நாம் தரும் முதல் உதவி.

ஏரியில் மீன்பிடிக்க 'பாடு' என்னும் முறை உண்டு. எந்நாளில் எவர் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஒழுங்கு அது. கடலுக்கும் ஏரிக்கும் இடையிலுள்ள முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் மீன் வரத்துக் குறையும் என்பதே அங்கு நாங்கள் கேட்ட தீராக் கவலை. துறைமுகத்தைத் தேய்த்த அதே மணல், இன்று வலைகளையும் நெருக்குகிறது.

கோவளமும் சதுரங்கப்பட்டினமும்

அடுத்த நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனோம். சென்னையிலிருந்து 40 கிலோமீட்டர் அளவில் கோவளம். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் இதற்குச் சஆதத் பந்தர் என்று பெயர். 1752இல் கிளைவ் இதன் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். கோட்டை நின்ற இடத்தில் இன்று உல்லாச விடுதி. நபித்தோழர் தமீமுல் அன்சாரீ (ரலி) அவர்கள் இங்கே அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் தர்காவும், அருகிலேயே கிறித்தவ ஆலயமும், மீனவர் குப்பமும் ஒரே கரையில் உள்ளன.

ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் இவ்வேற்பாடு. எனவே கோடையில் பயணம் செல்வோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: மீன் விலை ஏறியிருக்கும், மீனவர் வீட்டில் வருவாய் இறங்கியிருக்கும். சிறு படகுகள் கொண்டுவரும் மீனே சந்தைக்கு வரும். வலை பின்னிக்கொண்டிருந்த இளைஞர்கள் எங்களுக்கு நிழலும் குளிர்ந்த நீரும் தந்தார்கள். அவர்களில் சிலர் அலைச்சறுக்கு விளையாட்டைப் பிறர்க்குக் கற்பித்தும் பொருள் ஈட்டுகின்றனர்.

இன்னும் தெற்கே, மாமல்லபுரம் கடந்து, சதுரங்கப்பட்டினம். மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர்பெற்ற இவ்வூரிலும் டச்சுக் கோட்டை. உள்ளே சித்திரக் கல்லறைகள். வெளியே கல்பாக்கம் அணுமின் நிலையம். பழவேற்காடு, கோவளம், சதுரங்கப்பட்டினம் மூன்றும் ஒருகாலத்தில் தனித்தனித் துறைமுகங்கள். இயற்கைத் துறைமுகமே இல்லாமல், மசூலாப் படகுகளில் அலை கடந்து சரக்கு இறக்கிய சென்னை, அரசும் படையும் தன்னிடம் இருந்ததால் இவற்றின் வணிகத்தையெல்லாம் தன்பால் இழுத்துக்கொண்டது. வணிகம் போன பாதையில் மக்களும் போயினர்.

பரங்கிப்பேட்டையில் ஒரு வீடு

சிதம்பரம் வரை இரயில், அங்கிருந்து பேருந்து. வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ. முஸ்லிம்கள் வழங்கிய பெயர் மஹ்மூது பந்தர். மரக்காயர்களின் கப்பல்கள் இங்கிருந்து நீலத்துணி ஏற்றி அச்சேவுக்கும் கடாரத்துக்கும் போயின. 1781 சூலை முதல் நாள் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதிய களம் இவ்வூரின் அருகே. 1830களில் சேலத்து இரும்புத்தாதை உருக்கிய ஆலையும் இங்கே இயங்கியது. இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் ஊருக்குப் பெருமை. அதன் காட்சிக்கூடத்தில் கடல்வாழ் உயிர்களைக் காணும் சிறுவர் எளிதில் வெளியே வரமாட்டார்கள்.

நண்பரின் வீடு நீண்ட திண்ணை, தேக்குத் தூண்கள், நடுவே முற்றம் என அமைந்தது. ஓடுகள் சில சரிந்திருந்தன. பக்கத்து வீட்டார் திறவுகோலுடன் வந்து, இரவு இடியாப்பமும் ஆணமும் அனுப்பினார்கள். சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டோம். விலை பேசியவர் தரவிருக்கும் தொகையை நண்பர் சொன்னார். தூண்களுக்குத் தனி விலையாம். சென்னையில் ஒரு விடுதியின் முகப்பில் நிறுத்தப்போகிறார்களாம்.

ஆசிரியர் மெல்லக் கேட்டார்: "வீடு யார் பெயரில் இருக்கிறது?"

"வாப்பா பெயரில்."

"உன் லாத்தாவிடமும் தங்கையிடமும் கேட்டாயா?"

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. "அவர்கள் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கல்யாணத்துக்கே நகையும் பணமும் கொடுத்தாயிற்றே" என்றார்.

"கேட்கமாட்டார்கள் என்பதால் உரிமை இல்லாமல் போகுமா? ஓர் ஆண், இரு பெண் என்றால் பாதி உனக்கு. மறுபாதி அவர்கள் இருவருக்கும். திருமணத்தில் கொடுத்தது அன்பளிப்பு, இது ஹக்கு. தொழுகை நேரத்தை நிழலளந்து பார்த்த நாம், இதை அளக்காமல் விடலாமா?"

இவ்வுரையாடலை இங்கே எழுத நண்பரே இசைவு தந்தார். நம் இல்லங்கள் பலவற்றில் நடப்பது இதுதான் என்பதால் எழுதும்படி வற்புறுத்தவும் செய்தார். தொழுகையிலும் நோன்பிலும் நுணுக்கம் பார்க்கும் குடும்பங்களிலும் பெண்மக்களின் பங்கு 'அவர்கள் கேட்கவில்லை' என்ற ஒரு சொல்லில் கரைந்துவிடுகிறது. கேட்டால் தம்பியின் வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தால் வாய் திறவாத சகோதரிகள் எத்தனை பேர்!

அன்றிரவே நண்பர் இருவரிடமும் பேசினார். தங்கை முழு முடிவையும் லாத்தாவிடமே விட்டுவிட்டார். லாத்தா சொன்னதை அவர் எங்களிடம் அப்படியே திருப்பிச் சொன்னார்: "பங்கைத் தருவதாக நீயே சொன்னது போதும் தம்பி, என் மனம் குளிர்ந்துவிட்டது. விற்பதானால் விற்போம். ஆனால் கட்டிக்கொடுத்துப் போனபின் அந்த வீட்டில் நான் நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட்டுப் பிறகு முடிவு செய்வோம்."

நாகூர்க் கரையில்

கடைசி நாள் சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால் வழியாக நாகூர் சேர்ந்தோம். ஷாஹுல் ஹமீது பாதுஷா அவர்களின் தர்காவில் ஐந்து மினாராக்கள். அவற்றுள் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். இவ்வூரின் நினைவாகக் கடல் கடந்து பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே கட்டடங்கள் எழுந்தன. கப்பலேறியவர்கள் ஊரையும் உடன் எடுத்துச் சென்றார்கள்.

2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோரில் பலரைச் சமய வேறுபாடு பாராமல் அடக்கம் செய்யத் தர்காவின் நிலம் இடமளித்தது. மாலை வேளையில் கடற்கரையில் சிறுவர்கள் அலையைத் துரத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அலை அழிக்கவும் செய்யும், ஊட்டவும் செய்யும் என்பதை அறிந்தே வாழ்பவர்கள் இக்கரை மக்கள்.

பயணம் செல்வோர்க்குச் சில சொற்கள்

இவ்வழியில் செல்ல விரும்பும் குடும்பத்தார்க்கு எங்கள் பட்டறிவிலிருந்து சில சொல்லலாம். வெயில் கடுமையாதலால் விடியற்காலையிலும் அஸருக்குப் பின்னும் சுற்றுங்கள். நண்பகலைப் பள்ளிவாசலிலோ உறவினர் வீட்டிலோ கழியுங்கள். தண்ணீர், தொப்பி, குடை மறவாதீர். வங்கக் கடலின் அலையும் அடியிழுப்பும் வலியவை; தெரியாத கரையில் பிள்ளைகளை நீரில் இறங்கவிடாதீர்கள். பள்ளிவாசலில் பெண்களுக்கு இடவசதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிந்தால் அலைச்சல் இல்லை. முதியோரிடம் பேசுங்கள், அவர்கள் சொல்வதைப் பிள்ளைகளை எழுதிவைக்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள பழைய பத்திரம், கடிதம், கணக்கேடு எதையும் குப்பையென்று எண்ணி எரிக்காதீர்கள், படியெடுத்து வையுங்கள். ஓரூரின் வரலாறு அரண்மனையில் மட்டுமன்று, அலமாரியிலும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் நால்வரும் ஆண்களாகவே சென்றோம், கண்ட ஊர்களிலெல்லாம் "வீட்டாரை அழைத்து வரவில்லையா?" என்றே கேட்டார்கள். பழவேற்காட்டுப் பெட்டிகளை வாங்கிய எங்கள் இல்லத்தரசியர், அவற்றை முடைந்த கைகளை எப்போது காண்பது என்று வினவுகின்றனர்.

மே மாத இறுதியில் பரங்கிப்பேட்டை வீட்டில் சகோதரிகள் இருவரும் பேரப்பிள்ளைகளோடு பத்து நாள் தங்கினர். ஓடு மாற்றினார்கள், முற்றத்தைக் கழுவினார்கள். வீடு விற்கப்படுமா என்பது மூவரும் கூடி எடுக்கவேண்டிய முடிவு, அது அவர்களுக்குள். ஆனால் விலை பேசியவரிடம் நண்பர் இப்போது சொல்லும் விடை ஒன்றே: "நான் மட்டும் சொல்ல இயலாது, என்னோடு இன்னும் இருவர் உண்டு."